பதினேழாம் வரிசையில் ஒரு காலிக் கட்டம்

எல்விரா பச்சேக்கோ எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் ஒருமுறை கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஞாயிறு பூசை முடிந்து ஊரே சர்ச் வாசலில் நின்று வம்பளந்துகொண்டிருக்கும்போது, இவள் மட்டும் மறுபடி உள்ளே போய்க் கடைசி பெஞ்சு வரை குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வருவாள். யாருடைய தொப்பியாவது, மூக்குக் கண்ணாடியாவது கிடைக்கும். பாதிரியாருக்கு இது பழகிவிட்டது. "இன்னைக்கு எத்தனை பாவிங்களை உள்ளயே விட்டுட்டேன், எல்விரா?" என்று கேட்பார்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பழக்கம் அது. கடைசிக் குழந்தை இறங்கியதும் டிரைவர் எழுந்து பின்சீட்டு வரை நடந்து, ஒவ்வொரு சீட்டிலும் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் வண்டியைப் பூட்ட வேண்டும். எல்லா டிரைவர்களுக்கும் உள்ள விதிதான். எல்விரா ஒருநாளும் தவறியதில்லை, ஒரே ஒரு செப்டம்பர் வெள்ளிக்கிழமை தவிர. அன்றைக்கு ஷெட்டில் வண்டியை நிறுத்தும்போது தங்கை ரொசால்பா போனில் ஏதோ சொல்ல, இவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். என்ன சிரிப்பு என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. ஒன்பதாம் சீட்டில் இசேலா என்று ஐந்து வயதுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம். அரிசோனாப் பாலைவனத்தில் செப்டம்பர் மதியம் பூட்டின வண்டிக்குள் நாற்பது நிமிடம் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழந்தை விழித்து, வேர்த்து வழிய முன்னால் நடந்து வந்து ஹாரனை அழுத்தியது. "வண்டியில தனியா மாட்டிக்கிட்டா அழக் கூடாது, ஹாரனை அடிக்கணும்" என்று பள்ளி திறந்த முதல் நாளே எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவள் எல்விராதான். அந்தச் சத்தம் கேட்டு ஓடியவளும் அவள்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தன் பென்சில் டப்பா எங்கே என்று கேட்டது. அதன் அம்மாகூட ஒரு மாதத்தில் மனம் ஆறி, கடையில் பார்த்தால் பேச ஆரம்பித்துவிட்டாள். எல்விராவுக்குத்தான் ஆறவில்லை. பள்ளிக்கூடம் இரண்டு வாரம் வீட்டில் இரு என்றது. இவள் ஒரேயடியாகச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உயிருள்ள எதையும் அவள் பொறுப்பில் வாங்கிக்கொள்வதில்லை. ரொசால்பா தன் பேத்தியை ஒரு சனிக்கிழமை பார்த்துக்கொள்ளச் சொல்லி வாரம் தவறாமல் கெஞ்சுவாள். "என்கிட்ட யாரையும் விடாதே" என்று எல்விரா போனை வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு நாயைக்கூட இரண்டு நாள் பார்த்துக்கொள்ள மறுத்தாள்.

அப்படிப்பட்டவளை ஓசனிச்சிட்டு, அதாவது பூவில் தேன் குடிக்கிற ஹம்மிங்பேர்டு என்ற கட்டைவிரல் அளவுப் பறவை, பிடித்து வளையம் போடுகிற வேலைக்கு இழுத்து வந்தவள் ட்ரூடி ஹாஸ்கல். கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். பறவைக் காலில் வளையம் போட அரசாங்க அனுமதி வைத்திருப்பவள். சொனாய்ட்டா ஓடைக் கரையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், மார்ச் முதல் அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, விடிந்த அரைமணியில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லாரும் சம்பளம் வாங்காமல் வருகிற கூட்டம். சிட்டுக்கு ஊட்டிவிட ஒரு நிதானமான கை வேண்டும் என்று எல்விராவிடம் வந்து நின்றாள்.

"நான் எதுக்கும் பொறுப்பு ஏத்துக்கிறதில்ல, ட்ரூடி."

"பொறுப்பா? ஒரே ஒரு நிமிஷம்க்கா. கையில வெச்சு மூக்கைச் சர்க்கரைத் தண்ணிக் குப்பியில விடுங்க. குடிச்சிட்டு அது பாட்டுக்குப் பறந்துடும். வீட்டுக்கா கூட்டிட்டுப் போகச் சொல்றேன்?"

ஒரு நிமிடப் பொறுப்பு என்பதால்தான் ஒப்புக்கொண்டாள். நான்கு வருடம் ஓடிவிட்டது.

வேலை இப்படி நடக்கும். தோட்டத்துக் கோடியில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைச் சுற்றி வலைத்திரை தொங்கும். சிட்டு உள்ளே வந்ததும், வலையைப் பார்த்துக்கொள்ளும் கணவனும் மனைவியும் திரையை இறக்கி, பிடித்து, சின்ன வலைப்பையில் போட்டு, பையைத் துணி கிளிப்பில் மாட்டி மேசைக் கொடியில் தொங்கவிடுவார்கள். ட்ரூடி ஒவ்வொன்றாக எடுத்து, எண் பொறித்த, அரிசியைவிடச் சின்ன வளையத்தைக் காலில் மாட்டுவாள். இறக்கை, வால், அலகு எல்லாம் அளப்பாள். உறிஞ்சு குழாயால் வயிற்று இறகை ஊதி, கொழுப்பு எவ்வளவு, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். எண்ணை அவள் சொல்ல, ஓர்வில் டக்கெட் எழுதி, திருப்பிப் படிப்பார். ஓர்வில் செப்புச் சுரங்கத்தில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, எழுபது வயதுக்கும் சேர்த்து வாய். கடைசியில் சிட்டு எல்விராவின் கைக்கு வரும். குடிக்கும், விரித்த உள்ளங்கையில் ஒரு நொடி, சில சமயம் ஐந்து நிமிடம், தான் விடுதலையானதே தெரியாமல் கிடக்கும், பிறகு பறக்கும். எல்விரா நேரத்தைச் சொல்ல, ஓர்வில் 'விட்ட நேரம்' என்ற கட்டத்தில் எழுதுவார். அத்தனையும் முடிந்து மேசையை மடிக்கும் முன்னால், எல்விரா தாளை வாங்கி ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

"வந்துட்டாங்கப்பா கடைசி சீட்டு இன்ஸ்பெக்டர்" என்பார் ஓர்வில்.

"முதல்ல உங்க கையெழுத்தைத் திருத்துங்க. ஏழா ஒன்னான்னு தெரியல."

"நீ முதல்ல உன் வண்டிக் கண்ணாடியைத் திருத்து. மழைக்கு மீனு குடி வந்துடும்."

எல்விராவின் பழைய பிக்கப் வண்டியில் வலப்பக்கக் கண்ணாடி கீழே இறங்கினது இறங்கினதுதான். இரண்டு வருடமாக ஏறவில்லை. கண்ணாடியை ஏற்றுகிற மோட்டார் போய்விட்டது, தானே மாற்றித் தருவதாக ஓர்வில் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். இவள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தாள். உள்ளே எப்போதும் ஒரு விரற்கடைப் புழுதி இருக்கும்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை விடிகாலையில் கை விறைக்கிற குளிர். புல்லெல்லாம் வெளுத்திருந்தது. எல்விரா தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊட்டுகிற விரல்களைக் காப்பிக் குவளையில் சூடேற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எட்டேமுக்கால் வாக்கில் பதினேழாவது சிட்டு கைக்கு வந்தது. கருந்தொண்டைச் சாதியில் பெட்டை, மூன்று கிராம் எடை, எண் எல் 61947. இது குடிக்கவில்லை. அலகைக் குப்பியில் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு உப்பிப்போய்க் கிடந்தது. குளிரில் அவை அப்படித்தான், உடம்புச் சூட்டை விளக்கு மாதிரி அணைத்துப் போட்டுவிட்டுக் கிடக்கும். சூடு காட்டினால் சரியாகிவிடும்.

"ட்ரூடி, இது குளிர்ந்து கிடக்கு. பத்து நிமிஷம் அணைச்சு வெக்கிறேன்."

"வெச்சுக்கங்கக்கா."

மறுபடி வலைப்பையில் இட்டு, கோட்டின் உள்பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எல்லாரும் செய்கிறதுதான். அடுத்த பையை எடுத்து ஊதிப் பார்த்த ட்ரூடி, "முட்டை!" என்று கத்தினாள்.

அந்தப் பருவத்தின் முதல் முட்டைக்காரி. முட்டை என்று குரல் கேட்டால் அந்த மேசையில் எல்லாம் நின்றுவிடும்; காப்பி ஆனாலும் சரி, பேச்சானாலும் சரி. வயிற்றில் முட்டையோடு இருப்பவளை ஒரு நொடிகூடக் காக்க வைக்கக் கூடாது. வரிசையை மீறி, அளவெல்லாம் விட்டுவிட்டு, வளையம், ஒரு வாய் தண்ணீர், வானம். எல்விரா எழுந்து ஓடி, ட்ரூடி கையிலிருந்தே அவளை வாங்கி, குடிக்க வைத்து, பறக்கவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குள் கொடியில் ஆறு பை சேர்ந்துவிட்டது. வெயிலும் மலையைத் தாண்டி வந்து முதுகில் சுட்டது. வேலை மும்முரத்தில் எல்விரா கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள்.

பத்து மணிக்கு வலையைச் சுருட்டினார்கள். கொடியில் பை ஒன்றுமில்லை. ஓர்வில் நாற்காலிகளை மடித்து எடுத்துப் போய்விட்டு வந்தார். எல்விரா தாளில் விரலை வைத்து இறங்கினாள். பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினேழாம் வரிசையில் விரல் நின்றது. 'விட்ட நேரம்' கட்டம் காலியாக இருந்தது.

"ஓர்வில், இது என்ன?"

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எழுத விட்டுப்போச்சு. முட்டைக்காரி வந்த நேரம்ல. எட்டு அம்பதுன்னு போட்டுடறேன்."

"பார்க்காததை எழுதாதீங்க. யார் இதை விட்டது?"

"பறந்து போனவகிட்ட யாரும்மா ரசீது வாங்குனா?"

"யார் விட்டதுன்னு கேக்கிறேன்!"

குரல் உயர்ந்ததில் தோட்டமே திரும்பிப் பார்த்தது. எல்விரா கொடியை ஒருமுறை தடவிக்கொண்டே போனாள். மேசைக்கடியில் மண்டியிட்டாள். வலை சுற்றிய சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள். வலைக்காரத் தம்பதியைப் பிடித்து, பை எதையாவது கிளையில் மாட்டி வைத்தீர்களா, இடுப்பில் சொருகினீர்களா என்று குறுக்கு விசாரணை செய்தாள். அந்த அம்மாள் பாவம், கண் கலங்கித் தன் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"ட்ரூடி, நீதானே வளையம் போட்ட? பதினேழை யார் கையில குடுத்த?"

ட்ரூடி மெல்லத்தான் சொன்னாள். "உங்க கையிலதான்க்கா. ஊட்டுறது நீங்கதானே. குளிர்ந்து கிடக்கு, அணைச்சு வெக்கிறேன்னீங்க."

எல்விராவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே சட்டைதான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள், நாற்காலியே இல்லை.

"என் கோட்டு எங்க?"

"கோட்டா? நாற்காலியை மடிக்கையில உன் வண்டிக்குள்ள போட்டேனே" என்றார் ஓர்வில். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது.

"நாற்காலியை அது மேலயா வெச்சீங்க?"

"பின்னாலதான் வெச்சேன். பின்னாலன்னுதான் நெனைக்கிறேன்..."

அறுபத்தொரு வயதில் எல்விரா ஓடினாள். வண்டியை நிறுத்தியபோது மேலே இருந்த வால்நட் மர நிழல் இப்போது நகர்ந்து போயிருந்தது. வெயில் முழுசாக வண்டி மேல் விழுந்துகொண்டிருந்தது. இரும்பில் கை வைத்தால் சுடும். செப்டம்பர், ஷெட், ஒன்பதாம் சீட்டு எல்லாம் ஒரே மூச்சில் கண் முன்னால் வந்தது. அந்தக் குழந்தைக்காவது ஹாரன் இருந்தது. சிட்டுக்கு என்ன இருக்கிறது?

கதவைத் திறந்தவள் முதலில் உணர்ந்தது காற்று. ஏறாத அந்தக் கண்ணாடி வழியாக ஓடைக் காற்று ஜிலுஜிலு என்று உள்ளே வந்து கொண்டிருந்தது. நாற்காலிகள் பின்னால்தான் கிடந்தன. கோட்டு வலப்பக்க சீட்டில், கூரையின் நிழலில், புழுதிக்கு நடுவே சுருண்டு கிடந்தது. விரலை உள்பையில் விட்டு வலைப்பையை வெளியே எடுத்தாள். சிட்டு உப்பிக்கொண்டு, கண் மூடி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"தண்ணி கொண்டாங்க!"

ட்ரூடி குப்பியோடு வந்தாள். எல்விரா சிட்டை இரண்டு விரலில் பிடித்து அலகைத் துளையில் விட்டாள். ஒன்றுமில்லை. எடுத்து, அலகு நுனியில் ஒரு துளி வைத்தாள். துளி நின்றது, வழிந்தது. இன்னொரு துளி. ஓர்வில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொப்பியைப் போடுங்கய்யா, செத்த வீடா இது!" என்று எல்விரா சீறினாள். அவர் மடமடவென்று போட்டுக்கொண்டார்.

நான்காம் துளியில் தொண்டை அசைந்தது. ஐந்தாம் துளியில் நூல் போல நாக்கு வெளியே வந்து போனது. அலகை மறுபடி துளையில் விட்டாள். அது உறிஞ்ச ஆரம்பித்தது. உறிஞ்சியது, உறிஞ்சியது, நிறுத்தவே இல்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு விர்ரென்று ஓடத் தொடங்கியதை எல்விரா கையாலேயே கேட்டாள். கண் திறந்தது. உடனே அவள் மணிக்கட்டில் பீச்சியடித்தாற்போல ஈரம்.

"உள்ள போனது வெளிய வந்துடுச்சு. இனி பயமில்ல" என்றாள் ட்ரூடி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்விரா கையை விரித்தாள். ஏழு நிமிடம் கிடந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுந்து ஓடைப் பக்கம் போய்விட்டது. ஓர்வில் தாளையும் பேனாவையும் நீட்டினார். எல்விரா தன் கையால் பத்து முப்பத்தொன்று என்று எழுதினாள். எழுதி முடித்து வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதாள். அழுது முடித்து, வலைக்கார அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நான் இனிமே வர மாட்டேன், ட்ரூடி. என் புத்தி எனக்குத் தெரியும். யாரோ மறந்துட்டாங்கன்னு ஊரையே அதட்டினேன், மறந்தவ நான்."

"மறந்தது நீதான். யாரு இல்லேங்கிறா?" என்றார் ஓர்வில். "தேடினது யாரு? அந்தத் தாளை நான் மட்டும் பார்த்திருந்தா, எட்டு அம்பதுன்னு எழுதிட்டு இந்நேரம் வீட்ல முட்டை பொரிச்சிட்டிருப்பேன். அது பைக்குள்ளயே போயிருக்கும்."

"அது பிழைக்குமோ என்னமோ. குளிர், பட்டினி, வெயில்..."

"பிழைக்கலைன்னா?" என்று கேட்டாள் ட்ரூடி.

"தெரியாமலே போயிடும் எனக்கு" என்றாள் எல்விரா. அதுதான் அவளைத் தின்றது.

அடுத்த இரண்டு வாரம் அவள் பட்டபாடு சொல்லி மாளாது. வீட்டு முன்னால் தொங்கும் குப்பிக்கு வருகிற ஒவ்வொரு சிட்டின் காலையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். பறக்கிற சிட்டின் காலில் என்ன தெரியும்? 61947, 61947 என்று பாத்திரம் தேய்க்கும்போதும் வாய் முணுமுணுத்தது. ரொசால்பா போன் செய்து பேத்திப் பேச்சை எடுத்தாள். "உனக்கு ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று இவள் எரிந்து விழுந்தாள். தங்கை அப்புறம் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை வந்தது. போகக் கூடாது என்று படுத்திருந்தவள் இருட்டிலேயே எழுந்து போய்விட்டாள். "ஊட்ட மாட்டேன். பை மாட்டற கிளிப்பை மட்டும் பார்த்துக்கிறேன்" என்று மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். ட்ரூடி வற்புறுத்தவில்லை. ஊட்டுகிற நாற்காலியில் வலைக்கார அம்மாள் உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் கூட்டம் அள்ளியது. எட்டு மணிக்குள் இருபது பறவை. எல்விரா கையில் ஒரு பையை வாங்கிக் கொடியில் மாட்டப் போகிற நேரம், ட்ரூடி தன் கையிலிருந்த சிட்டின் வயிற்றை ஊதினாள்.

"முட்டை!"

எல்லாம் நின்றது. "கால்ல வளையம் இருக்கு, பழைய ஆளுதான்" என்று ட்ரூடி லென்ஸை இழுத்து வைத்துப் படித்தாள். "எல்... ஆறு, ஒண்ணு, ஒம்பது, நாலு, ஏழு."

ஓர்வில் எழுதினார். வழக்கம்போலத் திருப்பிப் படிக்க வாயைத் திறந்தார். "எல், ஆறு, ஒண்ணு..." அதோடு நின்றுவிட்டார். எழுபது வருடத்தில் அந்த மனிதர் பேச்சு இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

"ஒம்பது, நாலு, ஏழு" என்று எல்விராதான் முடித்தாள்.

"அக்கா, வாங்க. சீக்கிரம்! இவ காத்திருக்கக் கூடாது."

எல்விரா எழுந்தாள். ஓட ஒரு அடி எடுத்து வைத்தவள் நின்றாள். கையிலிருந்த பையைக் கிளிப்பில் மாட்டி, மாட்டியதை ஓர்வில் பார்க்கிறாரா என்று பார்த்தாள். பிறகு கோட்டின் இரண்டு வெளிப்பை, உள்பை, மூன்றிலும் கை விட்டுத் துழாவினாள். காலி. அதற்கப்புறம்தான் ஓடினாள். வலைக்கார அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

அன்றைக்குச் சூடு காட்ட வேண்டியிருக்கவில்லை. கருந்தொண்டைக்காரி குப்பியில் மூக்கை விட்டவள், இரண்டு வாரத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் மாதிரி மளமளவென்று குடித்தாள். விரலுக்கடியில் முட்டையின் உருண்டை சிறு பயறு போலத் தட்டுப்பட்டது. கையை விரித்ததும் ஒரு நொடிகூடக் கிடக்கவில்லை. விருட்டென்று போய்விட்டாள். எல்விராவுக்கு உடம்பிலிருந்து ஏதோ பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

"எட்டு பதினொண்ணு. எழுதுங்க, ஓர்வில்."

"எழுதிட்டேன் தாயே. ரெண்டு தடவை எழுதிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கண்ணாடி மோட்டாரு..." என்று ஆரம்பித்தார்.

"அதைத் தொட்டீங்கன்னா கை இருக்காது."

பத்து மணிக்கு வலையைச் சுருட்டி, தாளில் விரல் வைத்து முப்பத்தெட்டு வரிசையும் பார்த்து, எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வண்டியில் ஏறினாள். சாவியைத் திருகாமல் போனை எடுத்தாள்.

"ரொசால்பா, கோவமா இருக்கியா?"

"இல்லாம? நாய் மாதிரி விழுந்தா?"

"சரி, விடு. அடுத்த சனிக்கிழமை புள்ளையைக் கொண்டு வந்து விட்டுட்டுப் போ. சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ரொசால்பா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டாள் எல்விரா.

"என்னக்கா கேள்வி இது? ஒண்ணே ஒண்ணுதான், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வாயால ஒரு தடவை சொல்லு. வரும்போது எத்தனை, போகும்போது எத்தனைன்னு நான் எழுதி வெச்சுக்கணும்."